வாசித்துக் காட்டப்பட்டது

பெரிய வாகனத்தில் சத்துமாப் பொதிகள்.
சின்ன வாகனத்தில் நில அளவைக்காரர் மூவர்,
தலையில் மஞ்சள் பூசிய கட்டைகள் நாற்பது.
நடுவில் நான்,
நாள் படிக்கு இரண்டு மொழி.

நெடுங்கேணி தாண்டத் தார் முடிந்தது.
வீரைமுறிப்புக்குச் சைக்கிள் தடம்தான் பாதை.
முப்பத்தொரு குடும்பம்.
போன கணக்கெடுப்பில் தமிழர்,
இந்தப் புதுப் படிவத்தில் ஆதிவாசி.
ஒரு கூட்டில் முப்பத்தொன்று கூட
இன்னொரு கூட்டில் முப்பத்தொன்று குறைகிறது.
அந்தக் கழித்தலுக்காகத்தான்
சத்துமா இவ்வளவு தூரம் வந்தது.

எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.
புளியங்குளச் சந்தியில் தேத்தண்ணி குடிக்கையில்
பணிப்பாளர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்,
நான் பக்கத்தில் இருப்பதை மறந்து,
அல்லது மறக்காமல்:
"ஆதிவாசிகளின் காடு என்று பலகை போட்டால்
ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான்.
தேர்தலுக்கு முதல் கட்டை இறங்கட்டும்.
பிறகு குளத்துக்குக் கீழே யாரை இருத்துவது என்பது
கொழும்பின் வேலை."
கெட்ட மனிதர் என்று சொல்லமுடியாது.
தேத்தண்ணிக் காசை அவரே கொடுத்தார்,
என் மகளின் சோதனை முடிவை விசாரித்தார்.

பாலை மரத்தடியில் மேசை.
பிள்ளைகளின் மேற்கையில் நாடாவைச் சுற்றினால்
பச்சை, மஞ்சள், சிவப்பு.
ஒன்பது சிவப்பு.
ஒவ்வொரு சிவப்புக்கும் தாதி நாக்கைச் சப்பினாள்.
அதே நேரம் பின்னால் காட்டுக்குள்
டொக் டொக்கென்று கட்டை இறங்கிக்கொண்டிருந்தது,
சேனையைத் தாண்டி,
தேன்பாறைக்கு இந்தப் பக்கம்,
ஐயனார் கல்லை அந்தப் பக்கம் விட்டு.

கெங்காதேவி எழும்பினாள்,
இடுப்பில் சிவப்பு விழுந்த பிள்ளை.
"என்ர பிள்ளையின்ர கையை அளந்தியள், சரி.
அங்கால அடிக்கிற சத்தம் என்னத்தை அளக்குது?
கேட்டுச் சொல்லு தங்கச்சி."

பணிப்பாளர் என் வாயைப் பார்த்தார்.
நான் சிங்களத்தில் சொன்னேன்,
சத்துமா மாதாமாதம் வருமா என்று கேட்கிறா.
கட்டாயம், என்றார்.
நான் தமிழில் சொன்னேன்,
அது உங்கட பாதுகாப்புக்காம்.
இரண்டு பொய்யிலும் இலக்கணப் பிழை இல்லை.

நாளைக்குப் பாராளுமன்றத்தில்
இதற்காகக் கத்தப்போகிற எங்கட ஆட்களும்
ஒருநாள் இந்தப் பக்கம் வந்ததில்லை.
ஒலுமடுவில் என் அம்மா
இவர்களிடம் தேன் வாங்குவா,
தண்ணியைச் சிரட்டையில் கொடுப்பா.
அந்த வீட்டில் வளர்ந்தவள்
'எங்கள் சனம்' என்று வாயெடுத்தால்
சிரட்டையின் விளிம்பு பல்லில் இடிக்கிறது.

கைநாட்டு வாங்கினோம்.
படிவம் முழுக்கச் சிங்களம்,
அடியில் மட்டும் ஒரு வரி தமிழ்:
வாசித்துக் காட்டப்பட்டது, விளங்கிக்கொண்டேன்.
அதற்குக் கீழே என் கையொப்பம்.

வாகனம் திரும்புகிற நேரம்
கெங்காதேவி பணிப்பாளரின் கண்ணாடிப் பக்கம் வந்து குனிந்தாள்.
சிங்களத்தில்,
என்னுடையதைவிடச் சுத்தமான,
வெலிஓயா வயல்களில் அருவி வெட்டிப் பழகிய சிங்களத்தில் சொன்னாள்:
"பார்த்துப் போங்கோ மாத்தயா,
பாலத்தடியில தனியன் நிற்குது."
பிறகு என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

பாலத்தடியில் தனியன் நிற்கத்தான் நின்றது.
விளக்கை அணைத்துவிட்டு
முக்கால் மணித்தியாலம் இருட்டில் இருந்தோம்.
"அவளுக்கு எங்கள் பாஷை தெரியும் என்று
உனக்குத் தெரியுமா?"
பணிப்பாளர் ரகசியமாகக் கேட்டார்.
மடியில் படிவங்கள்,
விரல் மை இன்னும் காயாத வாசம்.
நான் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது தும்பிக்கையைத் தூக்கி
எங்களிடம் மிஞ்சிக் கிடந்த சத்துமாவை
மோந்துகொண்டிருந்தது.